முதல் நேர்முகத்துக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ப்ளேஸ்மென்ட் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறியதுமே உங்கள் விடுதிகளில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. யாரிடம் வெள்ளைச் சட்டை இருக்கிறது, யாருடைய ஷூ எட்டாம் நம்பர், சீனியர் விட்டுப்போன டை எந்த ரூமில் கிடக்கிறது என்று அறை அறையாகப் போய்க் கேட்கிறீர்கள். பெண்கள் விடுதியில் புடவையா சுடிதாரா என்ற பேச்சு நள்ளிரவு வரை ஓடுகிறது. உங்களில் பலருக்கு வீட்டில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. அப்பா லாரி ஓட்டுகிறார், தறி நெய்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அலுவலகத்துக்கென்று உடுத்திக்கொண்டு கிளம்பப்போகும் முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் நீங்கள்தான். அந்த முதல் ஆளுக்கு எழுதும் கடிதம் இது.

நான் பல ஆண்டுகளாக வேலைக்கு ஆளெடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். அங்கிருந்து பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். உடையைப் பார்த்து யாரும் வேலை கொடுத்துவிடுவதில்லை. அதற்காக உடை கண்ணில் படாமல் போவதும் இல்லை. நீங்கள் கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் எதிரே இருப்பவர்கள் மனதில் ஓர் அபிப்பிராயம் விழுந்துவிடுகிறது. உங்கள் பதில்கள் அதை மாற்றும். ஆனால் மாற்ற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை நீங்கள் ஏன் இழக்க வேண்டும்?

சட்டை என்ன பிராண்டு என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. விலையும் தெரியாது. உடம்புக்குப் பொருந்தியிருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, போட்டிருப்பவர் அதற்குள் இயல்பாக இருக்கிறாரா என்ற மூன்றும் நன்றாகத் தெரியும். ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: உள்ளே போய் உட்கார்ந்ததும் நீங்கள் மறந்துவிடக்கூடிய உடைதான் நேர்முகத்துக்கு நல்ல உடை. காலரைத் தளர்த்திக்கொண்டே இருக்கும் விரலும், முந்தானையை இழுத்துவிடும் கையும், குதிகாலைக் கடிக்கும் ஷூவும் உங்கள் கவனத்தில் பாதியைத் தின்றுவிடும். கேள்விக்கு மீதிப் பாதிதான் மிஞ்சும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன். பணம் இருப்பவருக்கு மட்டும் கைகூடும் வித்தை இல்லை இது. கற்றுக்கொண்டால் யாருக்கும் வரும்.

முதலில் சட்டை. கடையில் எடுத்துப் போட்டுப் பார்க்கும்போது தோளைக் கவனியுங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் சோல்டர் தையல் நிற்க வேண்டும். அது கைப்பக்கம் இறங்கித் தொங்கினால் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். இடுப்புப் பக்கம் லூஸாக இருந்தால் தையல்காரர் பிடித்துக் கொடுப்பார். கை நீளத்தையும் குறைத்துத் தருவார். தோளைச் சரிசெய்வது பெரிய வேலை, செய்தாலும் பெரும்பாலும் அழகாக வராது. மேல் பட்டனைப் போட்ட பிறகு காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கஃப் மணிக்கட்டு எலும்பருகே நிற்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் போதாது, உட்கார்ந்தும் பாருங்கள். வயிற்றருகே பட்டன்களுக்கு நடுவே துணி வாய் திறந்தால் அடுத்த சைஸ் வேண்டும். குனிந்து நிமிரும்போது டக் இன் வெளியே வந்துவிட்டால் சட்டையின் நீளம் போதாது.

வெள்ளையும் வெளிர்நீலமும் எந்த அறைக்கும் பொருந்தும் நிறங்கள். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் கையில்லாத வெள்ளை பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே கோடாகத் தெரியும். உங்கள் உடல் நிறத்துக்கு நெருக்கமான நிறத்தில் அரைக்கை பனியன் போட்டால் தெரியாது. பேண்ட் கருநீலம், சாம்பல், கறுப்பு இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். காலடியை மடித்துத் தைக்கக் கொடுக்கும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். செருப்போடு நின்று கொடுத்த அளவு ஷூ போட்டதும் ஏறிப்போகும்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் கடிக்காது. ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல தோலை அடையாளம் காண நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் ஊரில் தெரிந்தவரை அழைத்துப்போய் வாங்குங்கள். பாலீஷ் ஏறிய பழைய தோல் ஷூ, வெடிப்பு விட்ட புது ரெக்சின் ஷூவைவிட எந்த நாளும் மேல். புது ஷூவாக இருந்தால் நேர்முகத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். பெல்ட் ஷூவின் நிறத்தில் இருக்கட்டும். சாக்ஸ் கெண்டைக்கால் வரை வர வேண்டும்; கணுக்கால் சாக்ஸ் போட்டு உட்கார்ந்தால் பேண்ட் மேலேறி வெறுங்கால் தெரியும்.

தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. புடவை கட்டினால்தான் மரியாதை என்பார் ஒரு பேராசிரியர். கம்பெனிக்குப் போகிறாய், பேண்ட் சட்டை போடு என்பார் ஒரு சீனியர். சுடிதார்தான் பத்திரம் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்றுமே சரியான உடைகள்தான். எதற்குள் நீங்கள் ஒரு முழு நாள் இருக்க முடியும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் எட்டு மணிக்குப் பெயர் பதிந்து, ஆப்டிடியூட், குரூப் டிஸ்கஷன், டெக்னிக்கல் என்று ஒவ்வொன்றாக முடிந்து ஹெச்.ஆர். ரவுண்டுக்குக் கூப்பிடும்போது பொழுது சாய்ந்துவிடும் நாட்கள் உண்டு.

காலேஜ் டேக்கும் அக்கா கல்யாணத்துக்கும் மட்டும் புடவை கட்டியவர் நேர்முகத்தன்று காலையில் அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். கட்ட ஆசை என்றால் ஒரு வாரம் முன்பே கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள். கொசுவத்தையும் தோள் மடிப்பையும் ஊக்கு குத்தி நிறுத்துங்கள். கஞ்சி போட்ட காட்டன் காலையில் கம்பீரமாக நிற்கும், மதியத்துக்குள் கசங்கும். சிந்தெடிக் கசங்காது, ஆனால் வேர்த்துக் கொட்டும். இரண்டும் கலந்த துணி நீண்ட நாளுக்கு ஏற்றது. சுடிதாராக இருந்தால் துப்பட்டாவை மடித்து இரு தோளிலும் ஊக்கு குத்திவிடுங்கள், அதன் பிறகு அதைத் தொட வேண்டியிருக்காது. குர்தி தைக்கக் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். கைக்குட்டையும் பேனாவும் வைக்க இடம் கிடைக்கும். மேசையில் கை வைக்கும்போதெல்லாம் கலகலக்கும் வளையலை அன்றைக்கு ஒரு நாள் கழற்றி வையுங்கள், உங்கள் குரல் கேட்கட்டும்.

பொட்டு, திருநீறு, தலைமுக்காடு, கழுத்துச் சிலுவை இவையெல்லாம் உங்கள் வாழ்க்கையின் பகுதி. வேலைக்காக அவற்றை எடுத்துவிட்டுப் போகச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். நேர்முகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிவப்பழகு கிரீம் வாங்குகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள், தம்பிகளையும் சேர்த்துத்தான். முகம் வெளுத்ததும் வேலை கிடைத்துவிடுவதாகப் பல ஆண்டுகள் விளம்பரம் காட்டி உங்கள் பெற்றோர் தலைமுறையையும் உங்களையும் பயமுறுத்தினார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்தே அந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. பெயர் மாறியது, உங்கள் மனதில் விதைத்த பயம் இன்னும் போகவில்லை. கறுப்பாக இருப்பவர்கள் வெளிர் நிறம் போடக் கூடாது என்பதும் அந்தப் பயத்தின் தொடர்ச்சிதான். நம் கருமைக்கு வெள்ளையும் வெளிர்நீலமும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடியில் நின்று பாருங்கள். முகத்தைக் கழுவுங்கள், தலையை வாருங்கள், நகத்தை வெட்டுங்கள். அந்தக் கிரீமுக்கு வைத்திருந்த பணத்தைத் தையல்காரரிடம் கொடுங்கள்.

பராமரிப்பில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து பிரித்து அப்படியே போட்டுக்கொண்டால் மடிப்புக் கோடுகள் நெஞ்சில் கட்டம் கட்டமாக நிற்கும். ஒருமுறை துவைத்துவிட்டால் கடைக்கஞ்சி போய்த் துணி உடம்போடு படியும். பருத்தித் துணியைச் சற்று ஈரம் இருக்கும்போது தேய்த்தால்தான் சுருக்கம் எடுபடும். காலரின் உள்பக்க அழுக்கைத் துவைக்கும் முன்பே சோப்பு போட்டுக் கையால் கசக்கி எடுங்கள். தொங்கும் பட்டனை முந்தின இரவே தைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து இரவு பஸ் ஏறி விடியற்காலையில் சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள், நேர்முக உடையோடு பயணம் செய்யாதீர்கள். முதுகுப் பக்கம் செய்தித்தாள் வைத்துச் சட்டையை மடித்தால் கோடு விழாது. இறங்கியதும் நண்பரின் அறையிலோ கட்டணக் குளியலறையிலோ குளித்து மாற்றிக்கொள்ளுங்கள். பாடி ஸ்பிரே அளவாகப் போதும். அடைத்த ஏசி அறையில் எந்த வாசனையும் தூக்கலாகத்தான் அடிக்கும்.

கேமரா முன்னால் நடக்கும் நேர்முகமானாலும் முழுதாக உடுத்துங்கள். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் அலையடித்துத் தெரியும். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கே வெளிர்நீலம் கைகொடுக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும்.

இனி பணம். கடன் வாங்கி பிளேசர் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால், எந்தக் கம்பெனி அதைக் கேட்டது என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை, நம் ஊர்க் கம்பெனிகளில் முதல் வேலைக்கு வருபவரிடம் கோட்டும் டையும் எதிர்பார்க்கும் இடங்கள் குறைவு. சில ஹோட்டல்கள், விமான சேவை, சில விற்பனை வேலைகள் போன்றவை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடும். மற்ற இடங்களுக்குப் பொருத்தமான இரண்டு சட்டை, ஒரு பேண்ட், ஒரு ஜோடி ஷூ, ஒரு பெல்ட் போதும். தங்கைகளுக்கு இரண்டு நல்ல சுடிதார் போதும். ஈரோட்டின் வாரச் சந்தையில் துணி எடுத்து உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்தால் மால் ரெடிமேடைவிடக் குறைந்த செலவில் உங்கள் அளவுக்கே சட்டை கிடைக்கும். 1935 முதல் நெசவாளர்களின் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடிக் காலத்தில் எடுக்கும் கைத்தறிச் சட்டைத் துணி சென்னை வெயிலுக்கு எந்த இறக்குமதித் துணிக்கும் இளைத்ததில்லை. இரவல் வாங்கினாலும் குறைச்சல் இல்லை. ஆனால் இரண்டு நாள் முன்பே வாங்கிப் போட்டுப் பாருங்கள். துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

கோட்டு போடாதவர் குறைந்தவர் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்புகள் வகுத்த விதி, அவர்கள் போன பிறகும் இங்கே நெடுங்காலம் நின்றது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விட மறுத்தார்கள். அடுத்த மாதமே வேட்டி கட்டியவருக்குப் பொது இடங்களில் அனுமதி மறுக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணை ஆண்களுக்குச் சட்டை பேண்டோடு வேட்டியையும், பெண்களுக்குப் புடவையோடு சல்வாரையும் துப்பட்டாவுடன் சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. சாஃப்ட்வேர் கம்பெனி நேர்முகத்துக்கு வேட்டி கட்டிப் போங்கள் என்று இதற்காகச் சொல்லவில்லை. உடை விதிகளை மனிதர்கள் எழுதுகிறார்கள், மனிதர்களே மாற்றுகிறார்கள். போகும் இடத்துக்குக் காட்டும் மரியாதையாக அவற்றைப் பின்பற்றுங்கள். உங்கள் மதிப்பை அளக்கும் கோலாக அவற்றை ஏற்காதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். 2015-ல் இன்ஃபோசிஸ் வாரம் முழுவதும் பிசினஸ் கேஷுவல் போடலாம் என்று தளர்த்தியது. 2023-ல் டி.சி.எஸ்., கொரோனாவுக்குப் பின் அலுவலகம் திரும்பிய ஊழியர்களுக்குத் தன் உடை விதியை மறுபடி நினைவூட்டியது. ஒரே தொழிலிலேயே இப்படி என்றால், வங்கி, பள்ளி, ஸ்டார்ட் அப் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் சேருகிறவர்களுக்கு உடை உயிர் சம்பந்தப்பட்டது. ஓடும் இயந்திரத்தருகே தொங்கும் துப்பட்டா, மோதிரம், கைக்கயிறு, வளையல் எதுவும் கூடாது. சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். எங்கே சேர்ந்தாலும் முதல் வாரம் நேர்முகத்துக்குப் போட்டதையே போடுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்கள் சாதாரண நாளில் என்ன போடுகிறார்கள் என்று கவனியுங்கள். முதல் சம்பளத்தில் பத்துச் சட்டை வாங்கிக் குவிக்காமல், மாதம் ஒன்றாக, ஒன்றோடொன்று சேரும் நிறத்தில் வாங்குங்கள். வாரம் முழுக்க ஓட்ட நான்கு சட்டையும் இரண்டு பேண்டும் தாராளம்.

என்னோடு மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் உங்கள் சார்பில் ஒன்று கேட்கிறேன். அழைப்புக் கடிதத்தில் என்ன உடை வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். 'ஃபார்மல்ஸ்' என்று மட்டும் போட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் புரியும். முதல் தலைமுறைப் பிள்ளை மூன்று இரவு தூங்காது. 'சுத்தமான சட்டையும் பேண்டும், அல்லது சுடிதார், புடவை; கோட்டு, டை தேவையில்லை' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? சட்டைக் காலர் நைந்திருக்கும் பிள்ளையின் பதில் தெளிவாக இருந்தால், மதிப்பெண்ணைப் பதிலுக்குப் போடுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறைத் தலைவரிடம் ஓர் அலமாரி கேளுங்கள். அளவு வாரியாகச் சில சட்டைகள், பேண்டுகள், சுடிதார்கள், இரண்டு மூன்று ஜோடி ஷூ, ஓர் இஸ்திரிப் பெட்டி, ஊசி நூல், ஊக்கு, பாலீஷ் இவை அதில் இருக்கட்டும். சாவி மாணவர்களிடம் இருக்கட்டும். யார் எடுத்தார்கள் என்று எழுதி வைக்கும் நோட்டு வேண்டாம், அது எடுப்பவரைக் கூச வைக்கும். வேலை கிடைத்துக் கல்லூரியை விட்டுப் போகிற ஒவ்வொருவரும் துவைத்துத் தேய்த்த ஓர் உடையை அதில் வைத்துவிட்டுப் போகட்டும். காலர் எப்படி நிற்க வேண்டும், துப்பட்டாவை எப்படிக் குத்த வேண்டும் என்பதைக் கீழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுங்கள். சில வீடுகளில் அப்பாக்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்துவிடும் இந்த அறிவை, சொல்லித்தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லித்தர முடியும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா